அரை மைல் தள்ளியிருந்த திட்டு

மிராந்தா முன்பு கப்பலின் மேல்தளத்தில் கயிறு இழுத்த மாலுமி. பிறகு படித்துப் பரீட்சை எழுதி அதிகாரியானார். அவருக்குக் கப்பல் செலுத்தக் கற்றுக்கொடுத்தவர் கேப்டன் ஹமீதா. கேப்டன் வயதில் அவரைவிட இளையவர். ஆனாலும் மிராந்தாவுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் கேப்டனிடம்தான் போய் நிற்பார்.

அவர்களுடைய சிறிய சரக்குக் கப்பல், புயல் அடித்த தீவு ஒன்றுக்கு அரிசியும் குடிநீரும் ஏற்றிக்கொண்டு போனது. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கப்பல் மிராந்தாவின் பொறுப்பில் இருந்தது. வரைபடத்தின் மேல் கப்பலின் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். திரையில் பார்த்தால், கப்பல் ஆழமான தண்ணீரில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. பவளத் திட்டு ஒன்று வலப்பக்கம் அரை மைல் தள்ளி இருந்தது.

அவர் தலை நிமிர்ந்தபோது, முன்னால் கடலின் மேல் பறவைகள் நின்றுகொண்டிருந்தன. மிதக்கவில்லை. நின்றுகொண்டிருந்தன.

திரையைப் பார்த்தார். மறுபடி பறவைகளைப் பார்த்தார். எஞ்சினை முழு வேகத்தில் பின்னோக்கி ஓடவிட்டார்.

கப்பல் நடுங்கியது. கீழே சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. கேப்டன் ஈரத் தலையோடு ஓடி வந்தபோது கப்பல் நின்றுவிட்டிருந்தது. முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல, பச்சைத் தண்ணீருக்கு அடியில் திட்டு கிடந்தது.

"யாருக்காவது அடியா?"

"இல்ல மேடம்."

கேப்டன் கொஞ்ச நேரம் பறவைகளையே பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு நங்கூரம் போடச் சொன்னார்.

மிராந்தா திரையின் பக்கம் திரும்பினார். "இந்த ஜி.பி.எஸ். பொய் சொல்லிடுச்சு மேடம். இனிமே இதை நம்ப மாட்டேன்" என்று அதை அணைக்கப் போனார்.

"இருங்க" என்ற கேப்டன், இன்னொரு ஜி.பி.எஸ். கருவியையும் பார்த்தார். இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டின. "அது சரியாத்தான் சொல்லுது. நாம எங்க இருக்கோம்னுதான் அதுக்குத் தெரியும். திட்டு எங்க இருக்குன்னு சொல்றது வரைபடம்."

"வரைபடம் யாரு போட்டது?"

"துடுப்புப் படகுல வந்தவங்க. ஈயக்குண்டைக் கயித்துல கட்டி இறக்கி ஆழம் பார்த்திருக்காங்க. செயற்கைக்கோளெல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி."

மிராந்தாவின் கோபம் இப்போது அவர்கள்மேல் திரும்பியது. "அரை மைல் தள்ளி வரைஞ்சு வெச்சிருக்காங்களே! நம்ம ஆளுங்க அத்தனை பேரு உசுரும் போயிருக்கும். அங்க தீவுல ஜனங்க தண்ணிக்குக் காத்துக் கிடக்காங்க. நான் யாரைத்தான் நம்புறது மேடம்? நீங்களே சொல்லுங்க."

கேப்டன் கப்பலின் ஓரத்துக்குப் போய்த் திட்டை எட்டிப் பார்த்தார். "துடுப்புப் படகை இறக்கச் சொல்லுங்க" என்றார்.

திட்டின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் கப்பலை நகர்த்த முடியாது. இரண்டு மாலுமிகள் துடுப்புப் போட்டார்கள். கேப்டன் மடியில் சின்ன ஜி.பி.எஸ். கருவியை வைத்துக்கொண்டார். மிராந்தாவின் கையில் குண்டு கட்டிய கயிறு.

குண்டை இறக்குவார். ஆழத்தைச் சொல்வார். கேப்டன் இடத்தைக் குறிப்பார். மிராந்தா கயிற்றை இழுப்பார். மறுபடி இறக்குவார். ஒருமுறை பெரிய அலை படகைத் தூக்கிப் பவளத்தின் பக்கம் வீசியது. மாலுமிகள் துடுப்பால் பாறையை உந்தித் தள்ளித்தான் தப்பினார்கள். உச்சி வெயில் வருவதற்குள் மிராந்தாவின் உள்ளங்கை தோலுரிந்துவிட்டது. திட்டில் பாதிகூட முடியவில்லை.

"ஒரு திட்டுக்கே இந்தப் பாடு" என்றார். மறுபடி குண்டை இறக்கினார்.

பிற்பகலில் திட்டின் ஓரம் முழுவதையும் அளந்து வழி தெரிந்ததும், கப்பல் திட்டைச் சுற்றிக்கொண்டு மெல்லப் போனது. சாயங்காலம் தீவில் குடிநீர் இறங்கியது. ஒரு பெண் கரையிலேயே உட்கார்ந்து குழந்தைக்குத் தண்ணீர் புகட்டினாள். மிராந்தா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கேப்டன் வந்தார். "திட்டோட சரியான இடத்தை வரைபடம் போடுறவங்களுக்கு அனுப்பிட்டேன்."

"நம்ம பேரு வருமா மேடம்?"

"வராது."

"அப்ப இனிமே இந்த வழியா வர்றவங்களுக்கு, நாம வெயில்ல கெடந்தது தெரியவே தெரியாதே."

"முந்தாநேத்து ராத்திரி உங்களுக்கு வேலை இல்ல. என்ன செஞ்சீங்க?"

"தூங்கினேன்."

"எத்தனை திட்டைத் தாண்டி வந்தோம் தெரியுமா?"

"தெரியாது மேடம். நல்லாத் தூங்கிட்டேன்."

"நிறைய. அத்தனையும் அந்தத் துடுப்புப் படகுக்காரங்க வரைஞ்சது."

மிராந்தா தோலுரிந்த கையைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். "அவங்களுக்கு நான் எப்படி மேடம் நன்றி சொல்றது?" என்று கேட்டார்.

"இன்னைக்கு வெயில்ல குண்டு இறக்கினப்பவே சொல்லியாச்சே மிராந்தா. இனி வர்றவங்களும் நல்லாத் தூங்கட்டும்."