வளர்வதை நிறுத்திய பூஞ்சணம்

“வளர்ச்சி நின்னுடுச்சு மேடம். இன்னும் ஏன் அறிக்கையில கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?”

திருமேனி உட்காராமலே கேட்டான். பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு, நாற்பதைத் தாண்டி ஆராய்ச்சிக்கு வந்தவன். அவனுக்கு வழிகாட்டும் பியூலா அவனைவிட இளையவள். அது வேறு உறுத்தியது.

மேசைமேல் இரண்டு கண்ணாடித் தட்டுகள். இரண்டிலும் வேர்க்கடலையைக் கெடுக்கும் பூஞ்சணம். ஒன்றில் விளிம்புவரை பச்சையாகப் படர்ந்திருந்தது. அவன் மருந்து கலந்த தட்டில் சட்டைப் பொத்தான் அளவோடு நின்றுவிட்டது.

“நின்னுடுச்சா, செத்துடுச்சா?” என்றாள் பியூலா.

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“உங்க மருந்து என்ன பண்ணுது?”

“வளரு, வளருன்னு அதோட செல்லுக்குள்ள ஒரு சேதி போயிட்டே இருக்கு. அதை வெட்டுது.”

“வெட்டினதும் அதுக்கு வேற என்ன சேதி போகுது?”

“ஒண்ணும் போகாது.”

அவள் மருந்துத் தட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

அவளுக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டான் திருமேனி.

“நீங்க போடலைன்னா போங்க. திண்டிவனத்துக்கிட்ட எங்க அக்கா நிலத்துல பாதிக்கு அடிச்சுப் பார்த்துட்டேன். அந்தப் பாதியில ஒரு பருப்புலகூடப் பூஞ்சணம் கண்ணுல படல.”

பியூலா சட்டென்று நிமிர்ந்தாள்.

“யாரைக் கேட்டு அடிச்சீங்க?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

“அந்தக் கடலை இப்ப எங்க?”

“வீட்டுலதான். அக்காவும் அது பொண்ணு பவளமும் வச்சிருக்காங்க.”

அவள் எழுந்தாள். ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். விளக்கை அணைத்தாள். அலமாரியிலிருந்து புற ஊதா விளக்கை எடுத்து, தட்டுகளுக்கு மேலே பிடித்தாள்.

அந்தப் பூஞ்சணம் கக்கும் நஞ்சு ஈரலை அரிப்பது; வேகவைத்தாலும் போகாதது. இந்த வெளிச்சம் பட்டால் நீலமாக ஒளிரும். திருமேனிக்கும் அது தெரியும். சோதிக்கத்தான் தோன்றவில்லை. வளராத ஒன்றில் என்ன இருந்துவிடப் போகிறது?

படர்ந்த தட்டில் புகைபோல ஒரு மங்கல்.

பொத்தானைச் சுற்றி நீலம் கண்ணைப் பறித்தது. பூஞ்சணம் எட்டாத இடமெல்லாம் அது எட்டியிருந்தது.

“வளர விடாம...” என்று ஆரம்பித்தான். “வளர முடியாததால நஞ்சைக் கக்கியிருக்கு,” என்று முடித்தாள் அவள்.

பியூலா விளக்கை அசைக்கவில்லை. மறு கையால் மேசைமேல் கிடந்த அவனுடைய செல்போனை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் அக்காவை அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அக்கா எடுத்தாள்.

“அக்கா, கடலையை யாரும் தொடாதீங்க!”

“ஏன்டா இப்படிப் பதறுற? பூஞ்சணம் புடிச்சதையெல்லாம் பறிச்ச அன்னைக்கே குழி வெட்டிப் பொதைச்சுட்டேன். நீ மருந்து அடிச்சியே, அந்தக் கடலையத்தான் பவளத்துக்குத் தெனம் வேகவச்சுக் குடுக்கறேன். மாசமா இருக்கற பொண்ணு, சுத்தமானதாத் திங்கட்டுமேன்னு.”