கெட்டுப்போன நாற்பத்தாறு வரிகள்

ரொம்பக் காலத்துக்கு முன்னே நீலவேலி நாட்டை மாறவேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். மனசு குளிர்ந்தால் பரிசு, கோபம் வந்தால் தண்டனை, அப்படிப்பட்ட மனுஷர். அவருடைய ஒரே மகள் ஆறு வயதில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். அந்தக் கஷ்டத்தைக் கடவுள் எந்தத் தாய் தகப்பனுக்கும் கொடுக்க வேண்டாம். ராஜாவுக்கு அழுகையே வரவில்லை. நெஞ்சில் கல்லாய் அடைத்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை.

அரண்மனைக் குளத்துப் படியில் செங்கமலம் என்று ஒருத்தி புளி போட்டு விளக்கு தேய்ப்பாள். தேய்த்துக்கொண்டே செத்த குழந்தையை நினைத்து அவள் பாடிய ஒரு வரி ராஜா காதில் விழுந்தது. அன்றைக்குத்தான் அவர் இரண்டு வாய் சாப்பிட்டார்.

"இது உனக்கு எங்கேயிருந்து வருது?" என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"தெரியலைங்க மகாராஜா. கை வேலையா இருக்கும்போது வரும்."

குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஏகாம்பரப் பண்டிதரும் சபையில் இருந்தார். அவர் எழுதிய இரங்கல் செய்யுளை ராஜா காது கொடுத்தே கேட்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு.

"நாற்பது நாள் கொடுங்கள் மகாராஜா. இவளை ஆராய்ந்து, பாட்டு பிறக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிறேன். பிறகு யாரை வேண்டுமானாலும் பாட வைக்கலாம்."

"சரி. நாற்பதாம் நாள் என் மகளுக்கு ஒரு முழுப்பாட்டு வேண்டும்."

அவ்வளவுதான். விளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, பட்டுச்சேலை கட்டிவிட்டு, தனியறையில் செங்கமலத்தை உட்கார வைத்தார்கள். வைத்தியர் நாடி பிடித்தார். ஒரு காவல்காரன் மூச்சை எண்ணினான். பண்டிதர் எழுத்தாணியோடு எதிரே உட்கார்ந்து, "ம், பாடு" என்றார். அவளுக்கு இருமல்தான் வந்தது. நாற்பது நாளும் அதே கதை.

"இவள் பாட்டை ஒளித்துவைக்கிறாள்," என்று பண்டிதர் சபையில் சொன்னார்.

"ஒளிக்கிற நாக்கு எதற்கு? நாளைக் காலையில் அறுத்துவிடுங்கள்," என்றார் ராஜா.

செங்கமலம் கைகூப்பியபடி நின்றாள்.

மந்திரி தூயமணியார் மெல்ல எழுந்தார். "தீர்ப்பு இருக்கட்டும் மகாராஜா. பண்டிதருடைய முறை சரிதானா என்று அவரிடமே ஒரு தடவை பார்த்துவிடுவோமே?"

"தாராளமாக," என்றார் பண்டிதர். "ஒரு மூச்சில் நூறு செய்யுள் சொல்வேன்."

"நூறு வேண்டாமய்யா. குழந்தையைப் பற்றிப் புதிதாய் ஒரே வரி."

வைத்தியர் நாடி பிடித்தார். காவல்காரன் மூச்சை எண்ணினான். மந்திரி எழுத்தாணியோடு பண்டிதர் மூக்குக்கு நேரே உட்கார்ந்தார். "ம், பாடும்."

"கொஞ்சம் தள்ளித்தான் உட்காருமேன்."

"அவள் அப்படிக் கேட்டாளா?"

"நாடி கன்னுக்குட்டி மாதிரி துள்ளுது," என்றார் வைத்தியர்.

"மலரே," என்றார் பண்டிதர். கொஞ்சம் கழித்து, "மலரே, மலரே." அதற்குமேல் இருமல்தான்.

"இவரும் ஒளிக்கிறார் மகாராஜா," என்றார் மந்திரி. "ஆக, நாளைக்கு இரண்டு நாக்கு."

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜா தலையாட்டினாலும் ஆட்டிவிடுவார். பண்டிதர் மந்திரியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"மூன்று நாள் கொடுங்கள்," என்றார் மந்திரி. "அவள் விளக்கு தேய்க்கட்டும். பண்டிதரும் பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்கட்டும். ஓலை கூடாது. ஆராய்வதை மனசுக்குள் ஆராயட்டும். பாட்டு வராவிட்டால் என் நாக்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்."

முதல் நாள் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாள் அவள் முனக ஆரம்பித்தாள். ஒரு வரி சொல்வாள், சேரவில்லை என்று விடுவாள், வேறொன்று எடுப்பாள். அவள் விட்ட வரிகளைப் பண்டிதர் விரல் மடக்கி எண்ணினார். அறையிலும் அவள் இப்படி முனகினதை இருமலோடு சேர்த்து எழுதாமல் விட்டது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் செங்கமலம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சாமி, 'சின்னக் கொலுசு'ன்னு சொன்னா பொருந்துதுங்களா?"

பண்டிதர் கை நின்றுவிட்டது. "சின்னதா? அது அவளுக்குப் பெரிசம்மா. நடந்தாலே கழண்டு விழும். பாடத்துக்கு நடுவிலே நான்தான் எடுத்து மாட்டிவிடுவேன்."

அவள் விளக்கைத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் சபையில் பாடினாள்.

"கழண்ட கொலுசைக் கையில வச்சேன் கண்ணே,
மாட்டிக்க நீ எப்ப வருவே?"

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். குழந்தை போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். போன குழந்தை வரப்போவதில்லை. ஆனாலும் அந்தக் கல் கொஞ்சம் நகர்ந்தது.

"உன் நாக்கையா கேட்டேன்?" என்று செங்கமலத்தைப் பார்த்துத் தலைகுனிந்தார். அவளுக்கு வீடும் நிலமும், மந்திரிக்குத் தம் விரல் மோதிரமும் கொடுத்தார். பிறகு பண்டிதர் பக்கம் திரும்பினார். "பாட்டு பிறக்கிற இடத்தைக் கண்டுபிடித்தீரா?"

"முழுசாக இல்லை மகாராஜா. இவள் நாற்பத்தாறு வரியைக் கெடுத்த பிறகுதான் இது வந்தது. கெட்டதையெல்லாம் நான் குப்பை என்று விட்டிருந்தேன்."

"நாற்பத்தாறா?" என்றாள் செங்கமலம். "நானே எண்ணினதில்லைங்க. வராத நாள்ல அவ்வளவுதான், வத்திப்போச்சுன்னு பயந்து அழுவேன். இனிமே பயமில்லை. ஆனா, அந்தக் கொலுசு சங்கதி சாமி சொன்னதுங்க."

"அப்படியானால் அந்த வரி உம்முடையதா?" என்றார் ராஜா.

சபையே பண்டிதரைப் பார்த்தது. முன்பானால் ஆமாம் என்று முந்திக்கொண்டிருப்பார். புளிக்கறை ஏறிய தம் நகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் விளக்குத்தான் தேய்த்தேன் மகாராஜா," என்றார்.