தணிகாசலம் வாத்துக்குக் காவல் இருந்தது

பூங்காவனத்தம்மாவின் ஆசிரமத்தில் பதினான்கு வாத்துகள் இருந்தன. அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மந்தை மேய்த்துக்கொண்டு போகிறவர்கள், நடக்க முடியாமல் பின்தங்கியவற்றை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அவை தோட்டத்து நத்தைகளைத் தின்றன, பின்பக்கக் குட்டையில் நீந்தின, கத்தின.

தணிகாசலம் வந்து சேர்ந்த மூன்றாம் நாள், ஒரு கீரி இரண்டைக் கடித்துப் போட்டது.

"இதுங்களுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார் தணிகாசலம்.

"யாரும் இல்லை" என்றாள் அம்மா.

"அதானே பார்த்தேன். இனிமே நான்."

"நீங்க தியானம் பழகணும்னு இல்ல வந்தீங்க?"

"அதையும் பழகிக்கிறேன்."

தணிகாசலத்துக்கு வயது அறுபத்தொன்று. அம்மாவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 'கொஞ்ச நாள் ஆசிரமத்துல இருந்துட்டு வரலாமான்னு பார்க்கிறேன்' என்று அவர் வீட்டில் பேச்செடுத்ததும், மனைவியும் இரண்டு மகன்களும் அன்று சாயங்காலமே பையைக் கட்டிக் கொடுத்தார்கள். பஸ் புறப்படும்வரை நின்று கையசைத்தார்கள். தன்மேல் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

முதலில் பழைய கூட்டைப் பிரித்துப் போட்டார். ஓட்டை பெரிதான கோழிவலையை எடுத்துவிட்டு, விரல்கூட நுழையாத கம்பிவலை அடித்தார். கீரி மண்ணைப் பறித்துக்கொண்டு அடியில் வந்தது. வலையை ஒன்றரை அடி ஆழத்துக்குப் புதைத்து மேலே கருங்கல் அடுக்கினார். காட்டுப்பூனை கூரை வழியாக இறங்கி ஒன்றைக் கொண்டுபோனது. கூரைக்கும் கம்பி. நாய் கதவுக் கொண்டியைத் தட்டிக் கழற்றியது. இரட்டைக் கொண்டி.

இரண்டு மாதத்தில் கூடு முடிந்தது. ஊரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குள் ஒரு எறும்பு போக வேண்டுமென்றாலும் தணிகாசலத்தைக் கேட்டுத்தான் போக முடியும்.

ஒரே ஒரு சிக்கல். வாத்துகள் அதற்குள் போக மறுத்தன.

கோழி என்றால் இருட்டும்போது தானாக அடையும். வாத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. யாராவது ஓட்டிக்கொண்டு வர வேண்டும். தணிகாசலம் ஓட்டினார். நீளமான துரட்டிக் கம்பு ஒரு கையில், மண்ணாங்கட்டி ஒரு கையில். அவர் கிழக்கே போனால் வாத்துகள் மேற்கே போயின. அவர் மேற்கே ஓடினால் அவை தண்ணீருக்குள் இறங்கி நடுவில் நின்றன.

அந்த நேரத்தில்தான் அம்மா கூடத்தில் எட்டுப் பத்துப் பேரை உட்காரவைத்துப் பேசுவாள்.

"மூச்சு உள்ளே வரும்போது…" என்று ஆரம்பிப்பாள்.

"ஏ சனியனே! இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்னு சொல்றேன்ல!" என்று குட்டைப் பக்கமிருந்து வரும்.

உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணைத் திறப்பார்கள். அம்மா நெற்றியைத் தடவிக்கொள்வாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தாள்.

"ஐயா, கொஞ்சம் மெதுவா கூப்பிடக் கூடாதா?"

"மெதுவா சொன்னா இதுங்க கேட்குதா அம்மா? இதுங்க நல்லதுக்குத்தானே கத்துறேன்?"

அம்மா திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அன்று மூச்சைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு சாயங்காலம் நரி வந்தது.

வாத்துகள் இக்கரையை ஒட்டித்தான் நீந்திக்கொண்டிருந்தன. தணிகாசலம் கம்போடு வந்ததும் வழக்கம்போல நடுவுக்குப் போயின. அப்போதுதான் அவர் பார்த்தார். அக்கரையில், கோரைக்குள், இரண்டு காதுகள்.

"அங்க போகாதீங்க!" என்று கத்தினார். "நரி! நரி இருக்கு! இங்க வாங்க!"

வாத்துகள் அக்கரைப் பக்கம் வேகம் எடுத்தன. அவர் இன்னும் பலமாகக் கத்தினார். கம்பால் தண்ணீரை அடித்தார். அவை இறக்கையை அடித்துக்கொண்டு பறக்காத குறையாகப் போயின. தணிகாசலம் வேட்டியோடு குட்டையில் இறங்கினார். மார்பளவுத் தண்ணீரில், தொண்டை கிழிய, கையை வீசிக்கொண்டு அவர் முன்னேற முன்னேற, பதினொரு வாத்தும் கரையேறிக் கோரைக்குள் நுழைந்தன.

அவர் போய்ச் சேர்ந்தபோது பத்துதான் இருந்தன. வலது கால் கோணலாக வைத்து நடக்கும் சாம்பல் நிறப் பெட்டையைக் காணோம். அதற்கு மட்டும் அவர் தினமும் தவிட்டைத் தனியாகப் பிசைந்து வைப்பார்.

சேறும் பாசியுமாகத் திரும்பி வந்தவரை அம்மா கிணற்றடியில் உட்காரவைத்து, வாளியிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினாள்.

"அறிவுன்னு ஒண்ணு இருக்கா அம்மா இதுங்களுக்கு?"

"இருக்கு."

"இருந்தா நரிகிட்ட போகுமா?"

"ரெண்டு கரையையும் பார்த்துட்டுத்தானே போச்சு."

தணிகாசலம் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"என்ன சொல்றீங்க?"

"நரியை அதுங்க இன்னைக்குத்தான் பார்த்துது, ஐயா. உங்களை மூணு மாசமா பார்த்துக்கிட்டிருக்கு."

அவர் சட்டென்று எழுந்தார். வாளி உருண்டது.

"நானும் நரியும் ஒண்ணா? அந்தக் கூட்டைப் பாருங்க! கை ரெண்டும் கம்பி கிழிச்சுக் கிடக்கு, பாருங்க! யாரு செய்வா இதையெல்லாம்?"

"கூடு நல்ல கூடுதான். மழை பெய்ஞ்சா நானே அதுல போய்ப் படுத்துக்குவேன்."

அவர் அன்று சாப்பிடவில்லை. காலையில் பையை எடுத்துக் கட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, பையை மூலையில் வைத்துவிட்டு, துரட்டிக் கம்பைச் சமையலறை எரவாணத்தில் செருகினார்.

அன்றிலிருந்து கத்துவதில்லை. கம்பு இல்லை, மண்ணாங்கட்டி இல்லை. ஊறவைத்த அரிசியை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கரையில் போய்க் குந்தினார். வாத்துகள் நடுத் தண்ணீரில் நின்று அவரைப் பார்த்தன.

"வாங்க" என்றார். "நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். வாங்கம்மா."

அவை வரவில்லை.

"பழசையெல்லாம் மறந்துடுங்க. நான் யாருக்காக அந்தக் கூட்டைக் கட்டினேன்? எனக்காகவா? சொல்லுங்க."

கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அம்மா மறுபடி நெற்றியைத் தடவிக்கொண்டாள்.

நாலு நாள் இப்படியே போயிற்று. அரை மணி நேரம் கெஞ்சுவார். கால் மரத்துப்போகும். கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வருவார். அதற்குப் பிறகு, ஆசிரமத்தில் சமையல் செய்யும் சொர்ணம் செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தங்கையிடம் ஏதோ கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசியபடி, கழுநீர்க் குண்டானோடு கூட்டுப் பக்கம் நடப்பாள். குட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பத்து வாத்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறி, அவள் பின்னாலேயே ஆடி ஆடிப் போய்க் கூட்டுக்குள் நுழையும். அவள் பேச்சை நிறுத்தாமல் முழங்கையால் கதவைத் தள்ளி, இரட்டைக் கொண்டியையும் போட்டுவிட்டுப் போவாள்.

ஐந்தாம் நாள் தணிகாசலம் அரிசிக் கிண்ணத்தோடு நேராகக் கூடத்துக்குள் வந்தார். பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"அந்தப் பொண்ணு என்ன செஞ்சா அம்மா? ஒண்ணுமே செய்யலை! அதுங்க ஆணா பெண்ணான்னுகூட அவளுக்குத் தெரியாது!"

"ஆமா."

"நான் கம்பை வைச்சுட்டேன். கத்துறதை விட்டுட்டேன். நாலு நாளா பக்கத்துல உட்கார்ந்து எவ்வளவு பதமா எடுத்துச் சொல்றேன், தெரியுமா?"

"தெரியும். இங்க எல்லாருக்கும் கேட்டுது."

"அப்புறம் இன்னும் என்னதான் செய்யணும்?" கிண்ணத்தைத் தரையில் வைத்தார். "நான் நரியில்லைன்னு இதுங்களுக்கு எப்படித்தான் புரியவைக்கிறது?"

பூங்காவனத்தம்மா பக்கத்தில் இருந்தவரைக் கொஞ்சம் நகரச் சொல்லி, உட்காருவதற்கு இடம் காட்டினாள்.

"புரியவைக்கக் கிளம்பாதீங்க, ஐயா" என்றாள். "அதுக்குப் பயந்துதான் அதுங்க தண்ணியிலயே நிக்குது."