முன் அச்சும் பின் அச்சும்

மலையூரில் ஜீப் பட்டறை வைத்திருந்த தங்கபுஷ்பத்துக்கு வயது முப்பத்தைந்து. அவளிடம் தொழில் படித்த கொம்பையா அவளைவிட இருபது வயது மூத்தவர். உட்கார்ந்து பாடம் சொல்ல அவளுக்கு வராது. கேள்வி கேட்டவர் கையில் ஒரு வேலையைத் திணித்துவிடுவாள்.

கொம்பையாவின் மகள் பேச்சி, கீழே பள்ளத்துக் குடியிருப்பில் நிறைமாதமாக இருந்தாள். ஆஸ்பத்திரி மேலே. நடுவில் ஓடை, ஓடையைத் தாண்டினால் செங்குத்தான ஏற்றம். ஓடைக் கல் தன் ஜீப்பின் அடியில் இடிக்கிறதே என்று கொம்பையா பெரிய டயர் மாட்டினார். கல் இடிக்கவில்லை. வண்டிதான் ஏற்றத்தில் மூச்சு முட்டி நின்றது. தங்கபுஷ்பத்திடம் வந்து சொன்னார்.

“காலு பெரிசானா எடுத்து வைக்கிற எட்டும் பெரிசாகும். இழுக்க இஞ்சினுக்குத் தெம்பு வேணும்லா? அச்சுக்குள்ள இருக்க கிரவுன் பினியன் பல்லை மாத்துங்க அண்ணாச்சி.”

“எந்தப் பல்லைப் போட?”

“வண்டி எங்க போவணும்?”

“அந்த ஏத்தத்துக்குத்தான்.”

“அப்ப உங்களுக்கே தெரியுமே.”

இருப்பதிலேயே மெதுவாகச் சுற்றி, பலமாக இழுக்கும் பல்லை அவரே எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பின் அச்சில் மாட்டினார். முன் அச்சைத் தொடவில்லை. அது எப்போதாவது நாலு சக்கரமும் இழுக்கும்படி ஃபோர் வீல் போட்டால்தானே இழுக்கப்போகிறது என்று அவர் கணக்கு. மனிதர் சிக்கனக்காரர்.

மறுநாள் வெள்ளோட்டம். ஓடையைத் தாண்டி ஃபோர் வீல் போட்டதும் ஜீப் முக்கியது, உதறியது, பாதியில் நின்றது. ஃபோர் வீலை எடுத்துவிட்டு, வெறும் வண்டி என்பதால் எப்படியோ உருட்டி மேலே கொண்டுவந்தார்.

“மேஸ்திரியம்மா, பல்லை மாத்தியும் மக்கர் பண்ணுது. எம்மவளுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.”

தங்கபுஷ்பம் குனிந்து பார்த்தாள். முன் அச்சின் போல்ட்டில் பழைய அழுக்கு அப்படியே இருந்தது.

“இந்தப் பழைய கியர்பாக்ஸை அந்தப் பக்கம் கொண்டு போவணும். ஒரு கை பிடிங்க.”

கம்பில் கட்டித் தூக்கினார்கள். முன்னால் அவர், பின்னால் அவள். கொம்பையா வழக்கம்போல எட்டி எட்டி நடந்தார். அவள் வேண்டுமென்றே சின்னச் சின்ன அடியாக வைத்தாள். கம்பு அவர் தோளை உரித்தது.

“யம்மா, ஒத்து நடங்க! தோளு பிய்யுது!”

“இதைத்தான் உங்க ஜீப்பும் காலையில கத்தியிருக்கு.”

கொம்பையா கம்பை இறக்கினார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன் அச்சுக்குக் கீழே படுத்தார். அவளும் கூடப் படுத்தாள். சாயங்காலத்துக்குள் முன்னும் பின்னும் ஒரே பல்.

மறுநாள் விடியும்போதே போன் வந்தது. பேச்சிக்கு வலி. கொம்பையா பள்ளத்தில் இறங்கி மகளை ஏற்றிக்கொண்டு ஓடையைத் தாண்டினார். அந்த ஏற்றத்தில் ஜீப் உதறவில்லை. பாரம் பழகிய மாடு மாதிரி நிதானமாக ஏறியது. ஆஸ்பத்திரி வாசலில் மகளை உள்ளே அனுப்பிவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். அப்படி ஒரு நிம்மதி அவருக்கு. மதியத்துக்குள் பேத்தி பிறந்துவிட்டாள்.

தாயையும் பிள்ளையையும் தன் வீட்டில் கொண்டு சேர்த்த அன்று, மிட்டாயோடு பட்டறைக்கு வந்தார்.

“ஒரே ஒரு குறை மேஸ்திரியம்மா. தார் ரோட்டுல ஐம்பதுக்கு மேல போனா இஞ்சின் அலறுது. முன்னெல்லாம் எண்பதுல பறப்பேன். இன்னைக்கு ஒரு ஆட்டோக்காரன் என்னைத் தாண்டிப் போறான்! பல்லை மறுபடி மாத்திருவமா?”

தங்கபுஷ்பம் மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டாள்.

“பின்னால யாரு இருந்தா?”

“மவளும் பேத்தியும்.”

“பேத்தி என்ன செஞ்சா?”

“வீடு வர்ற வரைக்கும் தூங்கிட்டு வந்தா.”

“பெறவு யாருக்கு அண்ணாச்சி அவசரம்?”