கட்டாத ஆடுகள்

“அப்படின்னா எங்க வீட்டுக்காரரும் கெட்டவர்தானா?”

குழாயடியில் செபஸ்தியாள் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டது வைத்திலிங்கத்தின் காதில் விழுந்தது. அவர் திரும்புவதற்குள் பாதி நிறைந்த குடத்தை விட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

ஆற்று வெள்ளத்தில் ஊர் மூழ்கியதிலிருந்து எல்லோரும் மேட்டிலிருந்த ஆசிரமத்துக் கூடத்தில் தங்கியிருந்தார்கள். செபஸ்தியாளின் கணவர் மிக்கேல் தண்ணீரோடு போனவர். அடக்கம் முடிந்துவிட்டது. மறுநாள் காலை மேட்டிலேயே இருந்த மாதா கோயிலில் அவருக்காகப் பூசை.

வைத்திலிங்கம் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆசிரமத்துக் குருவை எல்லோரும் அம்மா என்பார்கள். அவரைவிட இருபது வயது மூத்த சீடர் இவர். மதங்களின் பிரளயக் கதைகளை ஒப்பிட்டுப் படிப்பதில் பித்து. முந்தின மாலை கூடத்தில் பேசச் சொன்னார்கள். மனுவையும் மீனையும் சொன்னார். நோவாவின் பேழை, நூஹ் நபியின் கப்பல், பாபிலோன்காரர்கள் களிமண் பலகையில் எழுதிவைத்த படகு எல்லாம் சொன்னார். கதைகள் பலவானாலும் பொருள் ஒன்றுதான், நல்லவர் படகில், கெட்டவர் தண்ணீரில் என்று முடித்தார். கை தட்டினார்கள்.

அதன்பிறகு செபஸ்தியாள் சாப்பிடவில்லை. தண்டனை வாங்கிப் போனவருக்குப் பூசை எதற்கு, வேண்டாமென்று ஃபாதரிடம் சொல்லிவிடுங்கள் என்றிருக்கிறாள்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வைத்திலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார்.

“பாபிலோன் கதையில ஜனங்க என்ன பாவம் பண்ணாங்க?”

“சத்தம் போட்டாங்க. சாமிக்குத் தூக்கம் கெட்டுது.”

“நேத்து அதைச் சொல்லலையே.”

“சொன்னா முடிவு சரியா வராதும்மா.”

அம்மா ஒரு தண்டை ஒடித்தார்.

“இந்தக் கதையெல்லாம் சொன்னது யாரு? படகுக்குள்ள இருந்தவங்களா, வெளியில இருந்தவங்களா?”

வைத்திலிங்கம் யோசித்தார். “உள்ள இருந்தவங்கதான். வெளியில யாரும் மிஞ்சலையே.”

“இங்க ஒருத்தி மிஞ்சியிருக்கா. போய்க் கேளுங்க.”

“என்னன்னு கேக்கறது?”

“இவ்வளவு படிச்சவரு என்னைக் கேக்குறீங்க.” அம்மா சிரித்தார். கீரைத் தண்டுகளை முறத்தில் அள்ளி நீட்டினார். “ஆட்டுக்கு. வெறுங்கையோட போகாதீங்க.”

செபஸ்தியாளின் இரண்டு ஆடுகளும் பிழைத்து வந்திருந்தன. அவள் அவற்றைக் கட்டுவதே இல்லை. கூடமெங்கும் திரிந்தன. வைத்திலிங்கத்தின் துண்டைக்கூட ஒன்று மென்றுவிட்டது. கட்டிப்போட்டால் என்ன என்று அவரும் கடிந்துகொண்டிருக்கிறார்.

இப்போது முறத்தைக் கீழே வைத்து அவளெதிரே தரையில் உட்கார்ந்தார். ஆடுகள் வந்து மேயத் தொடங்கின. மிக்கேல் எப்படிப் போனார் என்று கேட்டார்.

அவள் ஓர் ஆட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். இருவரும் மேட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அப்போதுதான் ஆடுகள் கத்துவது கேட்டது. அவர் திரும்பி இறங்கினார். கயிறு நனைந்து முடிச்சு இறுகியிருக்க வேண்டும். ஆடுகள் நீந்தி வந்தன.

“கட்டிப்போட்டது நான். அவுக்கப் போனது அவரு.” ஆட்டின் முதுகைத் தடவினாள். “இப்பச் சொல்லுங்க புரொபசரய்யா. அவரு எதுல சேத்தி?”

வைத்திலிங்கம் ஆடுகள் தின்று முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலையும் பேச எழுந்தார். நேற்று ஒரு கதையை விட்டுவிட்டேன் என்று ஆரம்பித்து, மிக்கேலின் கதையை மட்டும் சொன்னார். பொருள் எதுவும் சொல்லவில்லை. யாரும் கை தட்டவில்லை. முஸ்லிம் தெருவிலிருந்து வந்திருந்த கமருன்னிசா எழுந்துபோய்ச் செபஸ்தியாளுக்குத் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தாள். செபஸ்தியாள் வாங்கிக்கொண்டாள்.

காலையில் அவள் பூசைக்குக் கிளம்பியபோது ஆடுகளும் பின்னாலேயே போயின. மாதா கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வாசலில் மறித்து, அவற்றைக் கட்ட ஒரு கயிற்றை எடுத்து நீட்டினார். வைத்திலிங்கம் அதை வாங்கவில்லை. படியில் உட்கார்ந்து, பூசை முடியும்வரை இரண்டு ஆடுகளின் கழுத்தையும் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.