தலைகீழாக நின்ற கிளி

செங்கோடனுக்கு வயது ஐம்பத்தெட்டு, படிப்பு ஏழாம் வகுப்பு. சென்னிமலையில் ஒரு நெசவாளர் சங்கத்துக்குப் போர்வை டிசைன் போடுகிறவர். சங்கத்தின் பழைய கம்ப்யூட்டர் புகைந்து போய், வேறு கம்பெனி கம்ப்யூட்டர் வந்தது. இரண்டுக்கும் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழிதான். ஆனால் அதற்குப் புரிந்த சொல்லில் பாதி இதற்குப் புரியவில்லை.

"டிசைன் புரோகிராமைப் புதுசா எழுதணும். மூணு மாசம் ஆகும். ஏழாங்கிளாஸுக்கு இதெல்லாம் எட்டாது" என்றான் கோயம்புத்தூர் இன்ஜினியர் நடேசமூர்த்தி.

செங்கோடன் அதை மறக்கவில்லை. மறக்கிற ஆளும் இல்லை. தானே மாற்றித் தருவதாகச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் வேலை இன்ஜினியருக்கு என்றார் சங்கத் தலைவர்.

இருநூற்றுப் பன்னிரண்டு வரியையும் சொல்லுக்குச் சொல் மாற்றி ஓட்டினார். போர்வை டிசைனில் இருந்த கிளி, கம்ப்யூட்டருக்குத் திரையாக வைத்திருந்த டி.வி.யில் தலைகீழாக வந்து நின்றது.

"டி.வி.யைக் கவுத்து வெச்சுப் பாருங்க" என்றான் இன்ஜினியர்.

பேசிக் சொல்லித் தந்த யோகேஸ்வரியிடம் ஈரோட்டுக்குப் போனார். அவளுக்கு இருபத்தாறு வயது.

"ஒரு சொல் விடாம மாத்திட்டனுங்க டீச்சர். தப்பு எங்கீங்க?"

அவள் தாள்களை வாங்கி மடித்து வைத்தாள். அதே கம்பெனி கம்ப்யூட்டர் ஒன்றின் முன் அவரை உட்காரவைத்தாள்.

"ஒரே ஒரு புள்ளி வைங்கய்யா. குறுக்கே பூஜ்யம், உயரம் பூஜ்யம்."

புள்ளி மேல் மூலையில் விழுந்தது.

"கீழ் மூலையிலதானுங்களே வரணும்?"

"ஏனுங்க?"

"டிசைன் தாளைக் கீழிருந்துதானுங்க எண்ணுவோம்."

"இதுகிட்ட அதை யாராச்சும் சொன்னாங்களா?"

கேட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். செங்கோடன் மூன்று நாள் வந்து புள்ளி வைத்துப் பார்த்தார். நான்காம் நாள், புரோகிராமில் எல்லாப் புள்ளியும் கடந்து போகும் இடத்தில், உயரத்தை நூற்றுத் தொண்ணூற்றொன்றிலிருந்து கழிக்கிற ஒரு வரி சேர்த்தார். கிளி நிமிர்ந்தது.

வெள்ளிக்கிழமை சங்கமே கூடிப் பார்த்தது. யோகேஸ்வரியும் வந்திருந்தாள்.

"யாரோ எழுதிக் குடுத்ததைத் தட்டினா ஓடத்தான் செய்யும்" என்றான் இன்ஜினியர். "உயரத்தை எதுக்கு நூத்தித் தொண்ணூத்தொண்ணுலருந்து கழிக்கறீங்க? சொல்லுங்க பார்ப்போம்."

"பழசு அடியிலிருந்து எண்ணும். இது உச்சியிலிருந்து எண்ணுதுங்க. நூத்தித் தொண்ணூத்தொண்ணுங்கறது இதோட அடி வரிசை. வேற அளவுத் திரை வந்தா அந்த எண்ணை மட்டும் மாத்துவேன். நீங்க மூணு மாசம் எதுக்குக் கேட்டீங்க?"

இன்ஜினியர் பையை எடுத்துக்கொண்டான். வேலை செங்கோடனுக்கே என்று தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் செங்கோடன் டீச்சரையும் விடவில்லை. "ஒரே வரி. அன்னைக்கே சொல்லியிருந்தா மூணு நாள் மிச்சமுங்களே."

"மிச்சம்தானுங்கய்யா. ஆனா இன்னைக்கு இன்ஜினியர் கேட்ட கேள்விக்கு நானல்லவா பதில் சொல்லியிருக்கணும்?"