பீரோவுக்குள் மொச்சைச் செடி

ஒட்டன்குளம் பள்ளிக்கூடத்தில் அறிவுக்குப் பஞ்சமே இல்லை. யாரும் எடுத்துச் செலவழிப்பதில்லை, அவ்வளவுதான். அங்கே ஒன்பதாம் வகுப்பில் இசக்கி, மகாராசன், பேச்சித்தாய் என்று மூன்று ரத்தினங்கள். மூவரும் கடலைப் பார்த்ததே இல்லை. அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்குகிறவர்களை அன்றைக்கே பஸ்ஸில் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போவார்கள் என்று கேட்டதிலிருந்து மூவருக்கும் சோறு இறங்கவில்லை.

ஜெபமணி வாத்தியார் சோதனையைத் தெளிவாகத்தான் சொன்னார். "ரெண்டு தொட்டியில மொச்சை போடுங்க. ஒண்ணு வெயில்ல, ஒண்ணு இருட்டுல. வெளிச்சம் மட்டுந்தான் வேற. மத்ததெல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணுபோல இருக்கணும். அதுல பிசகுச்சு, கடலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

ஒரு தொட்டி மைதானத்துக்குப் போனது. இன்னொன்று பழைய மரப் பீரோவுக்குள் போனது.

செடி முளைத்த கொஞ்ச நாளில் வெயில் செடியின் கொழுந்தை ஒரு ஆடு கடித்துவிட்டது. மூவரும் இடிந்துபோய் உட்கார்ந்தார்கள்.

"ஏலே, பீரோ செடிய ஆடு கடிக்கலையே," என்றாள் பேச்சித்தாய்.

"ஒரு ஆட்டப் புடிச்சு உள்ள விட்டாப் போச்சு," என்றான் மகாராசன்.

"ஏதோ ஒரு ஆடா?" இசக்கிக்குக் கோபம் வந்துவிட்டது. "அதே ஆடுதாம்லே வேணும்!"

அதே ஆட்டைத் தெருத்தெருவாகத் தேடிப் பிடித்து, வெளிச்சம் புகாமல் போர்வையால் மறைத்து, பீரோவுக்குள் தள்ளினார்கள். பாவம், ஆடு தன் கடமையைச் செய்தது.

இன்னொரு நாள் தலைமையாசிரியர் வெயில் தொட்டியில் கால் இடறி, "சனியனே!" என்று திட்டிவிட்டுப் போனார். மகாராசன் ஓடிப்போய் பீரோவின் சாவித்துவாரத்தில் வாயை வைத்து, "சனியனே!" என்றான். அந்தச் செடி என்ன பாவம் செய்தது? மனசு கேட்காமல், "கோச்சுக்கிடாத," என்றும் சொன்னான். அதனால் மறுபடி மைதானத்துக்கு ஓடி, வெயில் செடியிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

கண்காட்சிக்கு நடுவர் வந்தார். பீரோவைத் திறக்கச் சொன்னார்.

"தொறந்தா உள்ள வெளிச்சம் புகுந்துரும் சார்," என்றான் இசக்கி.

"பெறவு நான் எப்படிப் பாக்க?"

"உள்ள போயிப் பாருங்க சார்."

நடுவர் தங்கமான மனிதர். போர்வை மறைவில் குனிந்து உள்ளே போனார். இவர்கள் கதவைப் பூட்டினார்கள். அப்புறம்தான் பேச்சித்தாய்க்கு அது உறைத்தது.

"ஏலே! இந்தச் செடிகிட்ட ஒரு பெரிய மனுசன் இருக்காரு. வெயில் செடிகிட்ட யாரு இருக்கா?"

தலைமையாசிரியரைக் கூப்பிட்டு வெயிலில் உட்கார வைத்து, நாற்காலியோடு கட்டினார்கள்.

"கட்டு எதுக்குலே?" என்று அலறினார் அவர்.

"அவரு பூட்டிக் கெடக்காரு. நீங்க மட்டும் காலாற நடந்தா எப்படி சார்?"

உள்ளே இருந்தவருக்கு வேர்த்து ஊற்றியது. வெளியே இருந்தவருக்கும் வேர்த்து ஊற்றியது. மூவருக்கும் பரம திருப்தி.

"முதல் பரிசு உங்களுக்குத்தாம்லே, கதவத் தொறங்க!" என்று கத்தினார் நடுவர். "எம் பங்குக்கும் முதல் பரிசு, கட்ட அவுருங்க!" என்று கத்தினார் தலைமையாசிரியர். இரண்டும் ஒன்றுபோல இருந்ததால் பரிசை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் கதவைத் திறந்தால் சோதனை கெட்டுவிடும். சோதனை கெட்டால் பரிசு போய்விடும். பரிசு போனால் கடல் போய்விடும். ஆகவே பஸ் கிளம்பியபோது அதன் கூரைமேல் பீரோவும், பக்கத்தில் நாற்காலியோடு தலைமையாசிரியரும், அவர் மடியில் மொச்சைத் தொட்டியும் இருந்தன.

கன்னியாகுமரியில் எல்லாவற்றையும் மணலில் இறக்கினார்கள். மூவரும் வாயைப் பிளந்து நின்றார்கள். கடல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே!

சாவித்துவாரத்திலிருந்து நடுவரின் குரல் வந்தது. "ஏலே, அது என்னலே சத்தம்?"

"கடல் சார்!"

அப்போது ஒரு பெரிய அலை வந்து, தலைமையாசிரியரை இடுப்புவரை நனைத்துவிட்டுத் திரும்பியது.

மூவரும் நனையாத பீரோவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தள்ளுங்கலே," என்றாள் பேச்சித்தாய்.